அளவு நோட்டுக்குள் ஏழு மாதம்

என் கழுத்தின் முன்பக்கம், வலது ஓரமாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் இஞ்ச் டேப்பை அவர்கள் தோளில் வைக்கும்போது என் கழுத்து அவர்கள் கண்ணுக்கு நேராக வந்துவிடும். வேறு எங்கே பார்ப்பார்கள், பாவம்! பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. முகத்தில் உடனே ஓர் இரக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்வார்கள். "அப்படி என்னக்கா கஷ்டம் ஒங்களுக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் என்றைக்கோ கயிற்றில் தொங்கியதாகவும், யாரோ கதவை உடைத்து என்னை இறக்கியதாகவும் அவர்களே ஒரு கதையைத் தைத்து முடித்திருப்பார்கள்.

"கழுத்தெலும்பு ஆபரேஷன்மா" என்பேன்.

"எலும்பு பின்னாடில்ல இருக்கு? தழும்பு முன்னாடி இருக்குதே?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பக்கம் வெட்டித்தான் உள்ளே போவார்கள், நைந்துபோன ஜவ்வை எடுத்துவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள், சின்னத் தகடு ஒன்றை வைத்து நான்கு திருகு போட்டு முறுக்குவார்கள் என்று நானும் முதல் இரண்டு வருடம் ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்தியும் நம்பியதில்லை. இப்போதெல்லாம், "ஆமாம்மா, தொங்குனேன், கயிறு அறுந்துபோச்சு. கையத் தூக்கு, அக்குள் அளவு எடுக்கணும்" என்று சொல்லிவிடுகிறேன். அதை உடனே நம்பிவிடுகிறார்கள்.

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். தைக்கிறேன் என்பதைவிட வெட்டுகிறேன் என்று சொல்வதுதான் சரி. தையல் யாருக்கும் வரும். வெட்டுதான் ஜாக்கெட். மேசைமேல் குனிந்து குனிந்தே என் கழுத்து தேய்ந்தது. திருச்சியில் அந்த ஆபரேஷன் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. கழுத்து முழுசாகத் திரும்பாது, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பழைய வலி திரும்பி வந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் கிளம்பி, கை வழியாக இறங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை கரண்டு மாதிரி சுர்ரென்று போகும்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர். இருபது டன் கல்லில் ஒரு கூடை குறைந்தால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். பக்கத்தில் படுத்திருக்கிறவளின் வலி மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே. தகடு வெச்சு முறுக்கியாச்சு. இன்னும் என்னா வலி?"

மூன்று வருடமும் இதே வசனம். மோட்டாருக்குப் புது காயில் கட்டிய மாதிரி, கட்டியாச்சு, இனி ஓடணும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இருவரும் போனில் வைத்தியம் பார்த்தார்கள். ஒருத்தன் தலையணை அனுப்பினான். ஒருத்தி வீடியோ அனுப்பினாள், அதில் ஒருவன் கழுத்தைச் சட்னி அரைக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் மேலே என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு அக்கா. ஆண்டிமடத்தில் முந்திரிக்கொல்லை, பெரிய வீடு, பெரிய வாய். அவள் என்னைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், திருச்சியில் நான் தாலியைக் கழற்றினேன்.

அது நடந்தது இப்படி. ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி சமயத்துக்கு ஒரு வழி உண்டு. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோர்த்துப் புருஷன் கையால் முதலில் கட்டிக்கொண்டு, அப்புறம் தாலிச் சங்கிலியைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. கயிறும் மஞ்சளும் நாத்தனாரின் பையில் தயாராக இருந்தன. கட்ட வேண்டிய புருஷன்தான் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். "இரு புள்ள, தம்பி வந்துடட்டும்" என்று நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "வரலன்னா அடுத்த பேஷன்ட்ட கூப்புட்றவா?" என்று உள்ளிருந்து கேட்டார்கள். எனக்கோ கை உயிர் போகிற வலி. டீ குடிக்கிற ஆளுக்காக நான் இன்னொரு மணி நேரம் துடிக்க வேண்டுமா? கொக்கியைக் கழற்றிச் சங்கிலியை நாத்தனார் கையில் வைத்துவிட்டு, வெறும் கழுத்தோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நாற்பதாவது நாள் என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கல் லாரி சிந்திவிட்டுப் போன பொடி ரோட்டில் கிடந்தது. இவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துப் பேசிக்கொண்டே அதில் வண்டியை விட்டார். ஊரே பார்த்தது. பார்த்து என்ன? நாத்தனார் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, "கழுத்த மொட்டையா வெச்சிக்கிட்டு உள்ள போனாள்ல, அன்னிக்கே நெனச்சேன்" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னாள். போன் இடுக்கியவனை விட்டுவிட்டார்கள், பொடி சிந்திய லாரியை விட்டுவிட்டார்கள். கழுத்துத் தகட்டோடு படுத்துக் கிடந்த நான்தான் காலை உடைத்தவள்.

இந்த முறை வலி வந்தபோது எனக்கு ஒரே ஒரு நிம்மதி கிடைத்தது. வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் வலி பாதியாகக் குறையும். நரம்பு தளர்கிறதாம், பிறகு டாக்டர் சொன்னார். நானாகவே கண்டுபிடித்த வைத்தியம் அது. கடையில் கூட்டமில்லாதபோது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதற்கும் இந்த ஊர் விடவில்லை. "என்னக்கா, எல்லாம் போன மாதிரி தலையில கைய வெச்சிக்கிட்டு?" என்று பக்கத்துக் கடைக்காரன் கேட்பான். நாத்தனார் வந்தால் கேட்கவே வேண்டாம். "கைய எடு மொதல்ல. வூடு வெளங்குமா?" என்று வாசலிலேயே ஆரம்பிப்பாள். உலகத்தில் எனக்கு வலி குறைகிற இடம் ஒன்றே ஒன்று, அதுவும் இவர்களுக்கு அபசகுனம்.

போன வருடம் ஆடிப்பெருக்கன்று எல்லோரும் திருமழபாடிக்குப் போனோம். கொள்ளிடத்தில் தண்ணீர் கரையை ஒட்டி ஓடியது. அன்றைக்குப் பெண்கள் பழைய தாலிக்கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்வார்கள். புதுசாகக் கல்யாணமானவளுக்கு மூத்த சுமங்கலி ஒருத்தி கட்டிவிடுவது வழக்கம். நாத்தனாரின் மருமகளுக்கு அந்த வருடம்தான் கல்யாணம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "நீங்க கட்டிவுடுங்க அத்தே" என்று கயிற்றை நீட்டினாள். நல்ல பெண். நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் வேண்டுமென்றே வாங்கிக்கொண்டேன்.

பின்னால் நின்று கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தேன். முதல் முடிச்சுப் போட்டு இழுத்தேன். வலது கைப்பக்கத்து நுனி விரலை விட்டு நழுவிவிட்டது. ஈரக் கயிறு என்று நினைத்து மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, ஆனால் நடுவில் பிடி இல்லை. ஊசியில் நூல் கோர்த்தே வாழ்ந்த விரல்கள் அவை. மூன்றாவது முறையும் முடிச்சு அவிழ்ந்தது.

அங்கே இருபது பெண்கள் நின்றார்கள். "கைக்கு என்னாச்சு?" என்று ஒருத்தியாவது கேட்டாளா? கேட்கவில்லை. "அய்யய்யோ, முடிச்சு நிக்கலியே" என்றார்கள். நாத்தனார் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளு புள்ள" என்று தானே கட்டினாள். திரும்பி வருகிற வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. என் கை செத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது சகுனமாகத் தெரிந்தது.

அந்த வாரமே அவள் ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜோசியரைப் பார்த்தாள். என் கைக்காக இல்லை. தம்பிக்காக. முடிச்சு நிற்காததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பங்குனி முடிகிற வரை கண்டம் இருக்கிறது, அதுவரை மாங்கல்யம் இவள் கழுத்தை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆவணி பிறந்ததும் நான் பெரம்பலூரில் ஓர் எலும்பு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். வயதில் சின்னவர், பேச்சில் சுருக்கு. தன் இரண்டு விரலை என் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் புடிங்க" என்றார். பிடித்தேன்.

"புடிங்கம்மா."

"புடிச்சிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். சேர்த்து வைத்த எலும்பு இனி அசையாது, அது செய்ய வேண்டிய வேலையை அதற்கு மேலேயும் கீழேயும் இருப்பவைதான் இழுத்துப் போட்டுச் செய்யும், அதனால் அவை சீக்கிரம் தேய்ந்துபோகும் என்றார். எங்கள் வீட்டில் இதைத் தெரிந்துகொள்ள டாக்டரே தேவையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "வலி மட்டும்னா தள்ளிப் போடலாம். பிடி குறையுது. இதத் தள்ளிப் போடாதீங்க. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கெடந்தா அப்புறம் நான் சரிபண்ணாலும் பலம் திரும்பாது" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தமிழில் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சீட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரர் அக்காவுக்குப் போன் போட்டார். ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை! அவள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"என் தம்பி உசுர வெச்சு வெளையாடுறியா?"

"மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டுத்தான அண்ணி கழட்டப் போறேன்? கழுத்து ஒண்ணும் சும்மா இருக்கப் போறதில்ல."

"அதுவும் ஆவாதுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு. பங்குனி வரைக்கும்தான? பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க முடியாதா? அதோட உள்ள தகடு வேற இருக்கு. அந்த மெஷினு இரும்பக் கண்டா இழுத்துடுமாம்ல. கழுத்தோட பிச்சிக்கிட்டு வந்தா என்னா பண்ணுவ?"

"அது இரும்பு இல்ல, அதை மெஷினு இழுக்காது" என்றேன். "நீ பெரிய டாக்டரு" என்றாள். அன்றைக்கு அவள் மூன்று தோசை தின்றுவிட்டுத்தான் போனாள். நான் சீட்டை நான்காக மடித்து அளவு நோட்டுக்குள் வைத்தேன். அந்த நோட்டில் அரியலூர்ப் பெண்கள் பாதிப் பேரின் கழுத்து இறக்கமும் கை நீளமும் இருக்கிறது. அதற்குள் என் கழுத்தும் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி, ஐப்பசி போயின. தீபாவளித் துணி வந்து குவிந்தது. கத்தரியின் பிடியில் துணி சுற்றிப் பெருசாக்கிக்கொண்டேன். லேசான துணியை நான் வெட்டினேன். கனமானதை, கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற பெண்ணிடம் கொடுத்து, சாக்பீஸ் கோட்டின்மேலேயே வெட்டச் சொன்னேன். டம்ளர் வழுக்கி இரண்டு முறை விழுந்தது. "கவனம் எங்க இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். சுருட்டிக் கட்டிய கத்தரியைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஸ்டைலா இருக்குதே" என்றாள் ஒரு வாடிக்கைக்காரி. எவ்வளவு மக்கு மனிதர்களுக்கு நடுவில் முப்பது வருடம் துணி வெட்டியிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

இதுவரை எல்லோரையும் கிழித்துத் தொங்கவிட்டாயிற்று. இனி ஒரு ஆள் பாக்கி.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, வீட்டுக்காரர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கெளம்பு. பெரம்பலூர் போயி அந்த ஸ்கேன எடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

"அண்ணி என்னா சொல்லுவாங்க?"

"அவ கெடக்குறா. நீ நேத்து சோத்த இடது கையால பெசஞ்சத பாத்தேன்."

உள்ளே போய்ப் புடவை மாற்றினேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, சங்கிலியின் கொக்கி வருமா என்று பின்கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். விரல் கொக்கியில் பட்டதும், ரோட்டில் அவர் விழுந்து கிடந்ததாக ஊரே வந்து சொன்ன காட்சி கண் முன்னால் வந்தது. காலிலிருந்து எலும்பு வெளியே தெரிந்த அந்தக் கோலம், சுற்றிலும் வெள்ளைப் பொடி, அதில் ரத்தம். போனை இடுக்கியதால்தான் விழுந்தார் என்று எனக்குத் தெரியும். பொடியில் சறுக்கியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை கொக்கியை விட்டு இறங்கிவிட்டது. வெளியே வந்து, "கல்யாண ஆர்டரு நெறைய இருக்கு. முடியட்டும், பாக்கலாம்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஊரிலுள்ள முட்டாள்களையெல்லாம் பட்டியல் போட்டவள் நான். ஜோசியரைத் திட்டினேன், நாத்தனாரைத் திட்டினேன். அந்த ஜோசியரின் பேச்சை என் வீட்டுக்காரர் கார்த்திகையிலேயே விட்டுவிட்டார். பங்குனி வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். மார்கழியில் ஒரு முறை, தையில் ஒரு முறை அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ ஓர் ஆர்டர் இருந்தது.

பங்குனி பாதியில் ஒரு கல்யாண ஜாக்கெட் வந்தது. மயில்கழுத்து நிறத்தில் பட்டு. வெட்டுவதற்கு முன்னாலேயே கோடு போட்டு ஆரி வேலை முடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக முத்து, கை முழுக்கக் கொடி. யாரோ ஒருத்தி ஒரு மாதம் கண்ணை வைத்துச் செய்த வேலை. இதைக் கொக்கி வைக்கிற பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே கத்தரியை எடுத்தேன். முன்கழுத்து வளைவில் திருப்பும்போது கட்டைவிரல் தானாகத் திறந்துகொண்டது. கத்தரி சரிந்து, முத்துக் கொத்தின் நடுவே உள்ளங்கை நீளத்துக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டது. முத்துகள் மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தன.

முப்பது வருடத்தில் நான் ஒரு துணியைக் கெடுத்ததில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. அவள் போன பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, அளவு நோட்டிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு நேராக எடைமேடைக்குப் போனேன். "வாங்க, இப்பவே" என்றேன். அவர் லுங்கியோடு பஸ் ஏறினார்.

பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் மஞ்சள் கயிற்றை அவரே கட்டினார். போகிற வழியில் கடையில் வாங்கியது. மூன்று முடிச்சும் நின்றது. பிறகு நான் சங்கிலியைக் கழற்றப் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். முடியவில்லை. வலது விரலுக்குக் கொக்கியை அழுத்தத் தெம்பு இல்லை. இடது கைக்குப் பழக்கமில்லை.

"ஏங்க, இத நீங்கதான் கழட்டணும்."

அவர் என் முடியை ஒதுக்கினார். கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டார். தடவித் தடவி, இரண்டு முறை என் தோலைக் கிள்ளி, ஒரு வழியாகக் கழற்றினார். சங்கிலியைச் சட்டைப் பையில் போட்டு, பைமேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அந்த மெஷின் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும், வெளியே இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்து பார்த்தால் மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

படத்தோடு அதே டாக்டரிடம் போனோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பார்த்தார்.

"இது நான் ஆவணில எழுதுனது. இப்ப பங்குனி. ஏழு மாசம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பஸ்ஸு சரியில்ல சார்" என்றேன்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இந்த ஆள்தான் வர விடவில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டது தெரிந்தது. "பொம்பளைங்க வலின்னு சொன்னா காது குடுத்துக் கேளுங்க சார்" என்று அவரைப் பார்த்துச் சுள்ளென்று சொன்னார். என் வீட்டுக்காரர் மூன்று முறை என்னைக் கூப்பிட்டவர். அதை அவர் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் திறக்கவில்லை. அவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்திரையில் திருச்சியில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. பழைய தகட்டுக்குக் கீழே இன்னொரு ஜோடி எலும்பையும் சேர்த்தார்கள். வலி போய்விட்டது. கையைத் தலையில் வைக்க வேண்டிய வேலை இப்போது இல்லை. பலம் வரவில்லை. வரும் என்று மூன்று மாதம் பந்தை அழுத்தினேன், களிமண்ணைப் பிசைந்தேன். "இதுக்கு மேல எதிர்பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். கடையில் இப்போது நான் அளவெடுக்கிறேன், இடது கையால் கோடு போடுகிறேன். கொக்கி வைக்கிற பெண்தான் வெட்டுகிறாள்.

ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நாத்தனார் கடைக்கு வந்தாள். அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் துணி. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"நீ பாட்டுக்குப் பங்குனி முடியறதுக்குள்ள கழட்டிட்ட. நான்தான் கேள்விப்பட்டதும் ஆத்தாளுக்குக் காசு முடிஞ்சி வெச்சேன். அதான் என் தம்பிக்கு ஒண்ணும் ஆவல. தெரிஞ்சிக்க."

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். சளிகூடப் பிடிக்கவில்லை. தாலி கழுத்தில் இல்லாமல் இருந்தது முக்கால் மணி நேரம், அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாலி கழுத்தில் இருந்த ஏழு மாதத்தில்தான் என் கை போனது. இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய்வரை வந்தது. அந்த ஏழு மாதத்தில் அவளுடைய மாதம் எத்தனை, என்னுடையது எத்தனை என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

அவள் துணியை என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, இத வெட்டிக் குடு. அந்தப் பொண்ணுகிட்ட குடுக்காத. அவ வெட்டு எனக்கு ஆவாது. நீ வெட்டுனாதான் ஒடம்புல ஒக்காருது."

"கிட்ட வாங்க அண்ணி" என்றேன்.

மேசைமேல் துணியை இரண்டாக மடித்து விரித்தேன். இடது கையால் கோடு போட்டேன். பிறகு கத்தரியை வலது கையில் எடுத்துக் கட்டைவிரலை உள்ளே விட்டேன், துணியை அலகுக்கு நடுவில் கொடுத்தேன். அவள் என் பக்கத்தில், என் தோளை ஒட்டி நின்றாள். அழுத்தினேன். அலகு பாதி தூரம் வந்து நின்றது. துணி அதற்குள் மடிந்துகொண்டது. எடுத்து நீவிவிட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடி மடிந்தது.

"அழுத்து புள்ள" என்றாள் நாத்தனார்.

"அழுத்திக்கிட்டுத்தான் அண்ணி இருக்கேன்."

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அலகுக்கு நடுவிலிருந்து துணியை மெல்ல உருவி எடுத்தாள். அதில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை.